கூப்பிடத்தான் பெயர்

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது மகள் மதரஸாவில் கற்ற அல்லாஹ்வின் 99 திருநாமங்களையும் ராகம் போட்டு ஒரே மூச்சில் சொல்கிறாள். நடுவில் நிறுத்தி ஒரு பெயருக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறாள். விட்ட இடத்திலிருந்து தொடரவும் வருவதில்லை, மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குகிறாள். ஐந்து வயது மகனுக்கு ஒன்றும் மனப்பாடம் இல்லை. ஆனால் "அல்லாஹ்வுக்குக் கண் இருக்கிறதா?", "ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்தை அவர் என்கிறோம், அல்லாஹ்வை மட்டும் ஏன் அவன் என்கிறோம்?" என்று குடைந்துகொண்டே இருக்கிறான். இருவருக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கணக்கில் மகன்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான்.

இருபது வருடங்களுக்கு மேலாக மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். முதல் ஏழெட்டு வருடங்கள் நானும் அந்த ராகத்தைத்தான் கற்றுக்கொடுத்தேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று சொல்லி முடிக்கும்போது பெற்றவர்கள் கண்கலங்குவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு மாலை, கடும் மழையில் மின்சாரம் போய், தலைக்கு மேலேயே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். 99 பெயர்கள் தெரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் "உம்மா!" என்று அலறினார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. பயந்த பிள்ளை யாரை அறியுமோ அவரைத்தான் கூப்பிடும். ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை பெயர்களைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூடக் கூப்பிடுவதற்கென்று கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

"அல்லாஹ்வுக்கு அழகிய திருநாமங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்" என்கிறது குர்ஆன் (அஃராஃப் அத்தியாயம், 180). அழையுங்கள் என்பதுதான் அங்கே கட்டளை. "அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூற்றுக்கு ஒன்று குறைவு" என்ற புகழ்பெற்ற நபிமொழியிலும், அவற்றை யார் 'அஹ்ஸா' செய்கிறாரோ அவர் சொர்க்கம் புகுவார் என்று வருகிறது. அஹ்ஸா என்ற சொல்லை எண்ணுதல், மனனமிடுதல் என்று மட்டும் எடுத்துக்கொண்டு நாம் நின்றுவிட்டோம். மார்க்க அறிஞர் இப்னுல் கய்யிம் அதற்கு மூன்று படிகள் சொன்னார்: சொற்களை அறிவது, பொருளை விளங்குவது, அந்தப் பெயரால் அவனை அழைத்துக் கேட்பது. உங்கள் மகள் முதல் படியில் நிற்கிறாள். அது வீண் இல்லை, அந்த ராகத்தை மறக்கடிக்க வேண்டாம். பின்னாளில் ஒவ்வொரு பெயராகப் பொருள் புரியும்போது, சொல் ஏற்கெனவே நாவில் தயாராக இருக்கும்.

99 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் வரும் நபிமொழி, நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆனால் நம் சுவர்களில் தொங்கும் பெயர்ப் பட்டியல் இன்னொரு தொகுப்பாளரான திர்மிதியின் ஓர் அறிவிப்பில் வருவது. அதை கரீப், அதாவது ஒற்றை வழியில் வந்தது, என்று திர்மிதியே குறிப்பிட்டிருக்கிறார். இப்னு ஹஜர் போன்ற அறிஞர்கள் குர்ஆனிலிருந்தே தனிப் பட்டியல் திரட்டினார்கள். எந்தப் பட்டியல் வலுவானது என்று நம் ஊர்களில் ஜமாஅத்துக்கு ஜமாஅத் வாக்குவாதம் நடக்கிறது. பெரியவர்கள் நடத்திக்கொள்ளட்டும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்: துயரத்தில் ஓதும் ஒரு துஆவில் (பிரார்த்தனையில்), "உன்னிடத்திலேயே மறைவாக நீ வைத்துக்கொண்ட ஒவ்வொரு பெயரைக் கொண்டும் கேட்கிறேன்" என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 99 என்பது எல்லைக்கோடு இல்லை. நாம் நாளெல்லாம் சொல்லும் ரப்பு (வளர்த்துக் காப்பவன்) என்ற பெயரே திர்மிதியின் பட்டியலில் இல்லை என்றால் பலர் ஆச்சரியப்படுவார்கள். நோயாளிக்காகக் கேட்கும்போது அழைக்கும் ஷாஃபியும் (குணப்படுத்துபவன்) அதில் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பெயர்களைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் தேடாதீர்கள், பாதிப் பெயர்கள் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் வீட்டில் சோற்றைச் சிந்தினால் "ரிஸ்கை வீணாக்காதே" என்பார்கள். ரிஸ்கு என்றால் அவன் தரும் உணவு, வாழ்வாதாரம். அதைக் கொடுப்பவன் ரஸ்ஸாக். மழை வந்தால் ரஹ்மத், அதாவது அருள், என்கிறோம். ரஹ்மத் உடையவன் ரஹ்மான். இல்மு (அறிவு) என்றால் அலீம், ஹயாத்து (உயிர்வாழ்வு) என்றால் ஹய்யு, தௌபா (பாவமீட்சி) என்றால் தவ்வாப், ஷுக்ரு (நன்றி) என்றால் ஷகூர், குத்ரத் (ஆற்றல்) என்றால் காதிர். பிள்ளை தினமும் கேட்கிற சொல்லிலிருந்து பெயருக்குப் போனால் அரபிப் பாடம் நடப்பதாகவே அதற்குத் தெரியாது. போன மாதம் ஒரு பையன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரஸ்ஸாக் இன்றைக்குக் கத்திரிக்காய் அனுப்பியிருக்கிறான், எனக்குப் பிடிக்கவில்லை" என்றானாம். அவனுடைய உம்மா பதறிப்போய் என்னிடம் சொன்னார். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. கத்திரிக்காய் யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே.

அடுத்தது சொந்தக்காரர்களின் பெயர்கள். எந்தக் குடும்பத்தில் பார்த்தாலும் ஒரு அப்துல் கரீம், ஒரு அப்துர் ரஸ்ஸாக், ஒரு சமது மாமா, ஒரு லத்தீஃப் பெரியத்தா இருப்பார்கள். "மாமாவின் முழுப் பெயர் அப்துஸ் ஸமத். ஸமதின் அடிமை என்று அர்த்தம். அப்படியானால் ஸமத் யார்?" என்று தொடங்கிப் பாருங்கள், வகுப்பு தானாக நடக்கும். கூடவே, ரஹ்மான், காலிக் (படைப்பவன்), ரஸ்ஸாக் போன்ற அவனுக்கே உரிய பெயர்களை அப்து சேர்க்காமல் மனிதரைக் கூப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடலாம். எல்லாப் பெயர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. குர்ஆன் நபியவர்களையே ரஊஃப், ரஹீம் என்கிறது (தௌபா, 128). யூசுஃப் நபியின் வரலாற்றில் எகிப்தின் அதிகாரி அஸீஸ் என்றே வருகிறார்.

இங்கே தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயரைப் பிள்ளைக்குச் சொல்லுமுன் அதன் தமிழை நீங்கள் ஒருமுறை பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள். ஸமத் என்பதற்கு 'தேவையற்றவன்' என்று எழுதியிருக்கிறார்கள். எதன் தேவையும் இல்லாதவன் என்பது கருத்து. ஆறு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "தேவையற்ற பொருளைக் குப்பையில் போடு என்று உம்மா சொல்கிறார்கள். அல்லாஹ்வையுமா தேவையற்றவன் என்கிறீர்கள்?" எனக்கு வெலவெலத்துவிட்டது. அன்றிலிருந்து "எல்லோரும் அவனிடம் போய்க் கேட்பார்கள், அவன் யாரிடமும் போய்க் கேட்க மாட்டான்" என்றுதான் சொல்கிறேன். வகீல் என்ற பெயரைச் சொன்னால் பிள்ளைகள் கறுப்பு அங்கி வக்கீலை நினைத்துக்கொள்வார்கள். இதை நான் திருத்துவதில்லை, பயன்படுத்திக்கொள்கிறேன். ஒரே அரபிச் சொல்தானே. நம் வழக்கை நாம் பேசத் தெரியாதபோது வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறோம் அல்லவா, அதுபோலத்தான் "ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்" (அல்லாஹ் நமக்குப் போதும், அவன் மிகச் சிறந்த பொறுப்பாளன்) என்கிறோம் என்பேன். இப்ராஹீம் நபியை நெருப்பில் போட்டபோது அவர்கள் சொன்ன வார்த்தை அது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் வாய்பிளந்து கேட்கும். ஜப்பாரை 'அடக்கி ஆள்பவன்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும் அதே வேரில் பிறந்த சொல்தான். தொழுகையில் சிரம் பணியும் இரண்டு ஸஜ்தாக்களுக்கு நடுவே ஓதும் துஆவில் "வஜ்புர்னீ" என்று கேட்பதும் அதைத்தான்: என் முறிவைச் சரிசெய் என்று. கையில் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளை யாராவது இருந்தால் ஜப்பாருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ் எழுத்தில் எழுதிய நூலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், காதால் கேட்டுக் கற்கட்டும். பெரியவன் என்ற பொருளுள்ள கபீரும், உள்ளும் புறமும் அறிந்தவன் என்ற பொருளுள்ள கபீரும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. மன்னிப்பவனான கஃப்பாரும் அடக்குபவனான கஹ்ஹாரும் ஒரே 'க'வில்தான் தொடங்குகிறார்கள். சின்ன நாக்கு இரண்டையும் குழப்பும். நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அந்தக் கிதாபுகளை வாசித்த பாட்டிமார்களின் உச்சரிப்பு சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

இனி உங்கள் மகனின் கேள்விகள். அல்லாஹ்வுக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டால், "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் கேள்வி போகாது, உங்களிடம் கேட்பதுதான் நிற்கும். ஷூரா அத்தியாயத்தின் 11ஆவது வசனம் இதற்கென்றே வந்ததுபோல் இருக்கிறது: "அவனைப் போன்று எதுவும் இல்லை, அவன் செவியுறுபவன், பார்ப்பவன்." ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறது. பிள்ளையிடம் இப்படிப் போகலாம்: "எறும்பு பார்க்கிறது, பருந்து பார்க்கிறது, நீ பார்க்கிறாய். மூன்று பேரும் ஒரே மாதிரியா பார்க்கிறீர்கள்? பருந்துக்கு உயரத்திலிருந்து கோழிக்குஞ்சு தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை. அவன் படைத்தவர்களிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், படைத்தவன் பார்ப்பது எப்படி நம்மைப் போல இருக்கும்? அவன் பார்க்கிறான், ஆனால் அது எதைப் போலவும் இல்லை." இதற்கு மேல் ஐந்து வயதுக்கு வேண்டியதில்லை. சில பிள்ளைகள் அல்லாஹ்வைப் படமாக வரைந்துகொண்டு வருவார்கள். தாளைக் கிழிக்காதீர்கள். "அவனை நாம் யாரும் பார்த்ததில்லை, அதனால் வரைய முடியாது. அவன் செய்ததை வரை" என்று இன்னொரு தாளைக் கொடுங்கள். முஸவ்விர், உருக்கொடுப்பவன், என்ற பெயரை அன்றைக்கே அறிமுகப்படுத்திவிடலாம்.

'அவன்' கேள்விக்கு வருகிறேன். இது தமிழ்ப் பிள்ளைகளுக்கே வரும் கேள்வி. அரபியில் 'ஹுவ' என்ற ஒரே சொல்தான். மரியாதைக்கு ஒன்று, மரியாதை இல்லாமல் ஒன்று என்று இல்லை. தமிழில் 'அவர்' என்பது பன்மையாகவும் வரும். ஒருவன் என்பதை அழுத்திச் சொல்லத்தான் 'அவன்' என்கிறோம். மிக நெருக்கமானவர்களை நாம் ஒருமையில் அழைப்பதையும் காட்டலாம். "நீ உம்மாவிடம் 'நீ வா' என்கிறாய், பக்கத்து வீட்டு மாமியிடம் 'நீங்கள் வாருங்கள்' என்கிறாய். உம்மா மேல் மரியாதை குறைவா?" என்று கேட்டதும் என் வகுப்பில் ஒருவன் யோசித்துவிட்டு, "அப்படியானால் அல்லாஹ் நம் வீட்டு ஆள்" என்றான். வார்த்தை அளவில் இதைத் திருத்த வேண்டியிருக்கலாம். நான் அன்று திருத்தவில்லை. அவன் என்பதால் ஆணா என்று அடுத்த கேள்வி வரும். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டையும் படைத்தவன் என்று சொல்லுங்கள்.

பார்ப்பவன், கேட்பவன் என்ற இந்த இரண்டு பெயர்களில்தான் நம் வீடுகள் அதிகம் தவறுகின்றன என்பது என் அபிப்பிராயம். பார்ப்பவனான பஸீரைப் போலீஸ் வேலைக்கு அனுப்பிவிட்டோம். பிஸ்கட் டப்பாவில் கைவைத்தால் "அல்லாஹ் பார்க்கிறான்", பொய் சொன்னால் "அல்லாஹ் கண்ணைக் குத்திவிடுவான்." இந்தக் கண்குத்தும் மிரட்டலை எந்த வேதத்தில் எடுத்தோமோ தெரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்து சாமியின் பெயரை மாற்றி எடுத்துக்கொண்டோம் போலும். அதே பிள்ளை யாருக்கும் தெரியாமல் தன் பிஸ்கட்டில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தபோது "அல்லாஹ் பார்த்தான்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? மூஸா நபியும் ஹாரூன் நபியும் எகிப்தின் கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் போகப் பயந்தபோது அல்லாஹ் சொன்னதைப் பாருங்கள்: "பயப்படாதீர்கள், நான் உங்களுடன் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன்" (தாஹா, 46). பார்க்கிறேன் என்பது அங்கே தைரியம் சொல்லும் வார்த்தை. இருட்டில் பயப்படும் பிள்ளைக்கு இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, "யா பஸீர், நான் இங்கே இருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அதன் வாயாலேயே சொல்லவையுங்கள்.

கேட்பவன் என்ற பொருளுள்ள ஸமீஉ என்பதற்கு, நபியவர்கள் காலத்துப் பெண்மணி கவ்லாவின் கதையைச் சொல்லுங்கள். கணவரைப் பற்றி முறையிட நபியவர்களிடம் வந்து அவர் தாழ்ந்த குரலில் பேசினார். அதே வீட்டில் இருந்த நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகிக்கே அதில் சில வார்த்தைகள் காதில் விழவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டுவிட்டான், "உம்மிடம் முறையிட்டவளின் சொல்லை அல்லாஹ் கேட்டுக்கொண்டான்" என்று வசனமே இறங்கியது (முஜாதலா, 1). பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்து, அதை வீட்டில் சொல்ல வெட்கப்படும் பிள்ளைக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய துணை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சின்னவர்களிடம் மிரட்டாமல் பேசுவது எப்படி என்பதற்கு, குர்ஆன் சொல்லும் ஞானி லுக்மானைவிட நல்ல ஆசிரியர் இல்லை. "என் சின்ன மகனே" என்று கொஞ்சித்தான் அவர் ஆரம்பிக்கிறார். ஒரு கடுகளவு செயல், பாறைக்குள்ளோ வானங்களிலோ பூமிக்குள்ளோ இருந்தாலும், அல்லாஹ் அதைக் கொண்டுவந்துவிடுவான் என்கிறார். முடிக்கும்போது இரண்டு பெயர்கள்: லத்தீஃப், கபீர் (லுக்மான், 16). நுட்பமானவன், உள்ளறிந்தவன். நம் அடுக்களையில் கடுகு இல்லாத நாள் உண்டா? தாளிக்கும் நேரத்தில் ஒரு கடுகை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அதைக் கறுப்பு உளுந்து டப்பாவுக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்கள். சலித்துக்கொண்டு "கிடைக்காது" என்பான். அப்போது வசனத்தைச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வசனத்தில் நல்ல செயலா கெட்ட செயலா என்று பிரிக்கவில்லை. கடுகளவு நன்மையும் தொலையாது. நான் அழுத்துவது அந்தப் பக்கத்தைத்தான், ஏழு வயதுவரைக்குமாவது.

அளவைப் பொறுத்தவரை, மகனுக்கு இந்த வருடம் ஐந்தாறு பெயர்கள் போதும்: ரப்பு, ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், ஸமீஉ, பஸீர். ரஹ்மானைச் சொல்லும்போது நூறு பங்கு ரஹ்மத்தின் நபிமொழியைச் சொல்லுங்கள். ஒரு பங்குதான் பூமிக்கு இறங்கியது. அந்த ஒன்றினால்தான் குதிரை தன் குட்டியை மிதித்துவிடாமல் குளம்பைத் தூக்கிக்கொள்கிறது. குதிரை கிடைக்காவிட்டால் கொல்லையில் குஞ்சுகளோடு திரியும் கோழி போதும். மகளுக்கு வேறு வழி. அவளுக்குப் பெயர்கள் தெரியும், இடம்தான் தெரியாது. குர்ஆன் வசனங்கள் பல இரண்டு பெயர்களில் முடிகின்றன. வசனத்தின் தமிழை வாசித்துவிட்டுக் கடைசிப் பெயர்களை மறைத்துக்கொண்டு, "இங்கே எந்தப் பெயர் வரும்?" என்று கேளுங்கள். தண்டனையைச் சொல்லும் வசனத்தை ஒருவர் தவறுதலாக "கஃபூருர் ரஹீம்" (மன்னிப்பவன், அன்புடையவன்) என்று முடித்தபோது, குர்ஆன் தெரியாத ஒரு கிராமத்து அரபி "இது அல்லாஹ்வின் பேச்சாக இருக்காது" என்றாராம். சரிபார்த்தால் அங்கே இருந்தது "அஸீஸுன் ஹகீம்" (வல்லவன், ஞானமுள்ளவன்). மொழியறிஞர் அஸ்மயீயின் பெயரால் சொல்லப்படும் கதை இது. எட்டு வயதுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போகும், உங்களை ஜெயிக்கவும் ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்: இந்தப் பெயரை இத்தனை தடவை ஓதினால் இன்ன பலன் என்று அச்சிட்டு விற்கும் பட்டியல். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நன்னா படுத்த படுக்கையானார். நோயாளிக்காக நபியவர்கள் ஓதிய துஆவை, "இஷ்ஃபி, அன்தஷ் ஷாஃபி, குணப்படுத்து, நீயே குணப்படுத்துபவன்" என்பதை, நான் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் யாரோ அதோடு ஒரு எண்ணையும் சேர்த்துவிட்டார்கள், தினமும் இத்தனை தடவை என்று. நன்னா மௌத்தாகிவிட்டார். ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வந்தவள், மற்றவர்கள் போனபிறகு கேட்டாள்: "ஒருநாள் எண்ணும்போது தூங்கிவிட்டேன். அதனால்தானா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ தெரியாது, சொன்னதைச் சொல்கிறேன். நபியவர்களின் மகளுடைய பிள்ளை ஒன்று மூச்சுத் திணறிக் கிடந்தபோது அவர்களை ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். அவர்கள் போய்ப் பிள்ளையை ஏந்திக்கொண்டார்கள், கண்ணீர் வழிந்தது. "இது என்ன, அல்லாஹ்வின் தூதரே?" என்று தோழர் ஸஅத் கேட்டார். "இது ரஹ்மத், தன் அடியார்களின் உள்ளங்களில் அல்லாஹ் வைத்தது" என்றார்கள். "அவர்களைவிட நன்றாகக் கூப்பிடத் தெரிந்தவர் யார்? அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் மௌத்தானார்கள். நீ தூங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றேன். பிறகு, நன்னாவுக்கு இப்போது ஷாஃபி வேண்டாம், வேறு பெயர் வேண்டும் என்றேன். எந்தப் பெயர் என்று கேட்டாள். கஃபூர், ரஹீம் என்றேன். அன்றைக்கு அவள் எதையும் சொல்லிப்பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக, 99 பெயர்கள் அச்சிட்ட பெரிய தாளைச் சுவரில் மாட்டலாமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக மாட்டுங்கள். கூடத்தில், மகனின் தலைமட்டத்தில், குளியலறைச் சுவரைத் தவிர்த்து. நட்சத்திர ஒட்டு, பரிசு என்று எதுவும் வேண்டாம். பிள்ளைகள் ஏதாவது ஒரு தேவைக்கு ஒரு பெயரைச் சொல்லித் தாங்களாகவே கேட்டால், அந்தப் பெயருக்குக் கீழே அன்றைய தேதியைப் பென்சிலால் எழுதிவையுங்கள். உங்கள் தேதிகளையும் எழுதலாம்.